மாமனார் கொடுத்த வண்டி

இந்த அறுபத்துமூன்றாம் வருஷத்து மார்கழியில் என் தூக்கத்தைக் கெடுத்தது பஜனை கோஷ்டி இல்லை, எதிர்வீட்டு அழகிரியின் கால். ரயில்வேயில் ராத்திரி டியூட்டி முடித்து அடையவளஞ்சான் தெருவுக்கு வந்து, விடிகிற நேரத்தில் கண்ணை மூடுவேன். உடனே அவன் வாசலில் மோட்டார் சைக்கிளை உதைக்க ஆரம்பிப்பான். உதை, பெருமூச்சு, மறுபடி உதை. வண்டி ஒரு தும்மல் போடும், அவ்வளவுதான். காக்கிச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்ட, அரியமங்கலத்துப் பட்டறைக்குப் போக பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடுவான்.

அது காட்டூர் பெரியண்ணன் தன் மாப்பிள்ளைக்குச் சீராகக் கொடுத்த வண்டி. ஆவணியில் கல்யாணம். கார்த்திகை வரை ஒரே உதையில் கிளம்பிய வண்டி, மார்கழி பிறந்ததும் படுத்துவிட்டது.

தெருவில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பெட்ரோலில் கலப்படம் என்றார் ஒருவர். கண்ணேறு என்று சொல்லிப் பூக்கடைப் பிச்சமுத்து பூசணிக்காய் உடைத்தான். அம்மாமண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காவேரியில் விட்டுவிடு என்று நான் சொன்னேன். தூக்கம் கெட்டவன் வாயில் வேறென்ன வரும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலக்கரை மெக்கானிக் குத்புதீனிடம் பாலம் தாண்டித் தள்ளிக்கொண்டு போனான். போய்ச் சேரும்போது நல்ல வெயில். குத்புதீன் ஒரு உதை விட்டார். வண்டி சிங்கமாக உறுமியது.

"மாஷா அல்லாஹ்! வண்டி அருமையா இருக்கு தம்பி. உங்க காலுலதான் தெம்பு இல்ல."

திங்கட்கிழமை காலையில் மறுபடி தும்மல்தான்.

விஷயம் காட்டூருக்குப் போயிற்று. சனிக்கிழமை காலையில் நேரில் வருவதாகப் பெரியண்ணன் சொல்லி அனுப்பினார். தன் கண் முன்னால் வண்டி கிளம்பாவிட்டால், துவாக்குடியில் இருக்கும் சின்ன மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாராம். அழகிரிக்கு முகம் செத்துவிட்டது. வண்டி போனால் போகட்டும், கொடுத்த சீரை மாமனார் திருப்பி வாங்கிக்கொண்டார் என்று ஊர் பேசுமே! எனக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். சனிக்கிழமையோடு தூங்கலாம்.

அன்றைக்கு குத்புதீன் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். வண்டி குளிர்ந்து கிடக்கும்போதே பார்க்கவேண்டும் என்று அழகிரி கெஞ்சியிருந்தான். நானும் வாசலில் வந்து நின்றேன். அழகிரியின் மனைவி வள்ளிக்கண்ணு சாணம் தெளித்துக் கோலம் போட்டு முடித்தாள். பிறகு கிணற்றிலிருந்து ஒரு பித்தளைக் குடம் தண்ணீர் கொண்டுவந்து வண்டியின் தலையில் கவிழ்த்தாள். அப்பா வருகிறார் என்று அன்றைக்கு இன்னொரு குடம். துடைத்து, குங்குமம் வைத்து, விளக்குக்கு மேலே ஒரு பூசணிப்பூவையும் செருகினாள். மாதம் பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிற காட்சி என்பதால் எங்களுக்கு அது கண்ணில் படவே இல்லை. குத்புதீன் மட்டும் வாயைப் பிளந்தபடி நின்றார்.

அதற்குள் பெரியண்ணன் வந்து இறங்கினார்.

"வண்டியப் பளபளன்னு வச்சிருக்கே எம்பொண்ணு! ம், உதைங்க மாப்ள."

அழகிரி உதைத்தான். தும்மல்கூட வரவில்லை. குத்புதீன் அவன் காதில் என்னவோ சொன்னார். அழகிரி நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அப்பா மெச்சிய பூரிப்பில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள் அவள்.

"எனக்குத்தான் மாமா வண்டியப் பழக்கத் தெரியல. நீங்க எடுத்துட்டுப் போங்க" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. மாதம் பூராவும் மல்லுக்கட்டினவன், இப்படியா விட்டுக்கொடுப்பான்?

வள்ளிக்கண்ணு விடவில்லை. "அவரு காதுல என்ன சொன்னீங்க பாய்?"

"ஒண்ணுமில்லம்மா..." குத்புதீன் தலையைச் சொறிந்தார். "தீப்பொறி விழுந்தாத்தான் வண்டி கெளம்பும். அந்தப் பொறி வர்ற எடத்துலயே தெனம் தண்ணி ஊத்துனா, வெயில் ஏறிக் காயற வரைக்கும் அது என்னத்தம்மா பண்ணும்?"

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது.

"நான்தாம்ப்பா ஊத்துனேன். அவரு மேல தப்பில்ல. மார்கழியில நம்ம மாட்டையெல்லாம் குளிப்பாட்டுற மாதிரி வண்டியையும் குளிப்பாட்டச் சொன்னது நீங்கதானே?"

பெரியண்ணன் வண்டியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். அப்புறம் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அந்தப் பெரிய மனிதர் தரையில் குந்தி, தானே இன்ஜினைத் துடைக்க ஆரம்பித்தார். குத்புதீன் பிளக்கைக் கழற்றி, ஈரம் போக ஊதி மாட்டினார்.

ஒரே உதை. தெருவே அதிர்ந்தது.

"இது மாடு இல்ல தாயி" என்றார் பெரியண்ணன், துண்டைப் பிழிந்தபடி. "இனிமே பூவு மட்டும் வையி, போதும்."

அன்றிலிருந்து வண்டி விடியற்காலையில் ஒரே உதையில் கிளம்புகிறது. அந்தச் சந்தோஷத்தில் அழகிரி உடனே புறப்படுவதும் இல்லை. வாசலிலேயே நிறுத்தி, பூ ஆட ஆட உறுமவிட்டு, வள்ளிக்கண்ணு சிரிக்கிற வரைக்கும் நிற்கிறான். நான் தலையணையால் காதை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு பித்தளைக் குடம் இருக்கிறது. படுத்தபடியே அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.