ஊசியும் ஆந்தையும்

தட்டில் பாதி அப்படியே இருக்க, கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள் தையற்காரி. என்ன ஆயிற்று என்று பஸ் ஓட்டும் கணவன் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். அவள் ஒன்றுமில்லை என்றால் ஏதோ பெரிதாக இருக்கிறது என்பது பதினாறு வருடக் குடித்தனத்தில் அவனுக்குத் தெரியும். விஷயத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கினான்.

பள்ளிப் பாட்டுக் குழுவுக்கு இருபத்துநான்கு சட்டை தைக்க வேண்டியிருந்தது. உடல் அளவைக் கொடுத்தால் துணி வெட்டுவதற்கான படத்தை வரைந்து தரும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை அவள் இரண்டு வருடமாக நம்பியிருந்தாள். ஊர் பேர் தெரியாத பலர் கூடி எழுதுவது அது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். முகப்பிலேயே 'எல்லோரும் வருக' என்று போட்டிருந்தது. போன வாரம் வந்த புதிய பதிப்பில் படத்தை வரையவைத்து வெட்டினாள். நாற்பத்தெட்டுக் கைகளும் அரை அங்குலம் குட்டை.

வருக என்கிறார்களே என்று, 'ஊசி' என்ற பெயரில் அந்த மென்பொருளின் இணையக் குழுவில் முதல் முறையாக எழுதினாள். நான்கு தடவை அடித்துத் திருத்தி, தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும் என்றும் சேர்த்தாள். 'ஆந்தை' என்று ஒருவர் பதில் போட்டிருந்தார்: 'கையேட்டைப் படித்துவிட்டு வரவும். இது ஆரம்பப் பாடம் நடத்தும் இடமல்ல.' அதோடு, மேற்கொண்டு யாரும் எழுத முடியாதபடி கேள்வியையும் பூட்டிவிட்டார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார், வீட்டில் எல்லோருக்கும் பாப்பா, ஓர் அலுவலகத்தில் மென்பொருள் எழுதுகிறவள். கைபேசியைத் திருப்பிப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"அண்ணி, அந்த ஆந்தை நான்தான்."

கணவனுக்குச் சிரிப்பு முட்டியது. மனைவியின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், விடுமுறை நாளில் பாப்பா எதை எழுதுகிறாள் என்று இவள் கேட்டதில்லை. அண்ணி எதைப் பார்த்து வெட்டுகிறாள் என்று அவளும் கேட்டதில்லை.

"தினமும் இந்த மாதிரி பத்து வரும் அண்ணி. நான் புதுசா போனப்ப எனக்கும் இதத்தான் சொன்னாங்க. அன்னைக்கு உக்காந்து அழுதேன்."

"நீ அழுதா அடுத்தவளும் அழணுமா? மாமியார்கிட்ட பட்டத மருமககிட்ட தீத்துக்கிற கதையால்ல இருக்கு."



தையற்காரி பாப்பாவைத் தையல் அறைக்குக் கூட்டிப்போய், வெட்டிய கையின் மேல் அளவு நாடாவை வைத்துக் காட்டினாள். பாப்பா மடிக்கணினியைக் கொண்டுவந்து அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில் பிழை அகப்பட்டது. ஒரே ஒரு வரி. அதை எழுதியதும் ஆந்தைதான். இந்தத் தடவை முதலில் சிரித்தவள் அண்ணி.

குட்டைக் கைகளுக்கு நீலத் துணியில் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். பிள்ளைகளுக்கு அது இன்னும் பிடித்துப்போனது. பிறகு அந்தக் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். தொண்ணூறு பக்கம். மூன்றாவது பக்கத்திலேயே தலை சுற்றியது.

"இத எழுதினவங்க ஒருத்தராவது ஒரு சட்டை தச்சிருப்பாங்களா?"

பாப்பா யோசித்துப் பார்த்து, இல்லை என்றாள்.

கடைக்கு வருகிறவரிடம் பேசுகிற மாதிரி, நாடாவை எங்கே வைப்பது, எதை முதலில் அழுத்துவது என்று ஒரே ஒரு பக்கம் எழுதிக் குழுவில் போட்டாள் தையற்காரி. அங்கே முணுமுணுப்புக் கிளம்பியது. நாங்களெல்லாம் கஷ்டப்பட்டுத்தான் கற்றோம், இப்படித் தரத்தை இறக்கிவிட்டால் கண்டவர்களும் வருவார்கள் என்றார்கள். 'நீங்கள் பட்ட கஷ்டத்துக்கு வருத்தப்படுகிறேன். அதை ஏன் வாசலில் போட்டு வைத்திருக்கிறீர்கள்?' என்று ஊசி கேட்டாள். ஆந்தை எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, பூட்டிய கேள்வியைத் திறந்துவிட்டாள். அண்ணியின் பக்கம் கையேட்டின் முதல் பக்கமாக ஏறியது.

மூன்றாம் வாரம் ஊசிக்குத் தனியாக ஒரு கடிதம். எழுதியவர் அந்த மென்பொருளைத் தொடங்கியவர்; பதினோரு வருடமாக அவர் வாய் திறந்தால் குழுவே அடங்கும். தைப்பதற்கென்று ஓரத்தில் கொஞ்சம் துணி விடச் சொல்கிறார்களே, அது எதற்கு என்று கேட்டிருந்தார். இத்தனை வருடமாகக் கேட்க வெட்கமாக இருந்தது, யாரிடமும் சொல்லவேண்டாம் என்றும் இருந்தது.

தையற்காரி ஓரம் விட்டு ஒன்று, விடாமல் ஒன்று என்று இரண்டு துண்டுத் துணிகளைத் தைத்தாள். ஓரம் விடாததை இழுத்து, அது பிரிந்துவருவதைப் படமெடுத்து அனுப்பினாள். நல்ல கேள்வி, இதை எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே கேளுங்கள் என்று கீழே எழுதினாள்.

இரண்டு நாள் கழித்து அவர் கேட்டார். பொழுது சாய்வதற்குள், குழுவின் பழைய ஆட்கள் ஒன்பது பேர் அதற்குக் கீழே வரிசையாக எழுதியிருந்தார்கள்: 'எனக்கும் தெரியாது.'