அப்பளத்துக்கு மருந்து

கொடுத்திருப்பாள், கொடுக்காமல் விட்டிருக்க மாட்டாள், நான் கையை நீட்டிப் பிடுங்குவதற்குள் அவள் கட்டைவிரல் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கும்... என்றுதான் ஒரு வருஷமாகச் சிவராமன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வருகிறார், இப்போதும் அஜ்மீரின் செல்போன் கடையில் கால் ஆடும் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், வெளியே ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்தது, கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் மகள் முத்தமிழின் விளையாட்டுப் பெட்டி முதுகுத் திருகாணிகள் கழற்றப்பட்டு வயிறு திறந்து கிடந்தது. உள்ளங்கை அகலம், புத்தகம் மாதிரி மூடித் திறக்கிற வெளிர்நீலப் பெட்டி, மனைவி சந்திரலேகாவின் அக்கா மகள் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்தபோது, எனக்கு இனிமே எதுக்கு சித்தி என்று முத்தமிழிடம் கொடுத்துவிட்டுப் போனது. அதற்குள் ஒரு காடு, காட்டுக்குள் விதவிதமான பிராணிகள், அவற்றோடு பழகி, வேட்டைக்காரனிடமிருந்தும் தீயிலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் அவற்றைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு, எழுத்தெல்லாம் பிரெஞ்சு, ஒரு வார்த்தை தெரியாமல் ஆரம்பித்த பிள்ளை ஆறே மாதத்தில் காய்ச்சலுக்கும் மருந்துக்கும் பசிக்கும் பிரெஞ்சில் பெயர் சொன்னாள். நீர்நாய் உடம்பும் தட்டையான பெரிய காதுகளுமாக ஒன்று எப்போதும் அவள் பின்னாலேயே ஓடிவரும், காது பொரிச்ச அப்பளம் மாதிரியே இருக்குல்லப்பா என்று அதற்கு அப்பளம் என்றே பெயர் வைத்திருந்தாள். அந்த அப்பளத்துக்குத்தான் காய்ச்சல்... அதற்குத்தான் மருந்து.

"தண்ணி எப்படி சார் உள்ள போச்சு? மழையில நனைஞ்சிட்டீங்களா?" என்று அஜ்மீர் தலை நிமிராமல் கேட்டான், கையில் பழைய பல்துலக்கும் பிரஷ், பக்கத்தில் மூடியில் ஊற்றிய ஸ்பிரிட். ஆமாம் தம்பி, மழைதான் என்றார் சிவராமன். எப்படிச் சொல்வது, நேற்று முத்தமிழின் வருஷத் திதி, தலைவாழை இலையில் வடை, பாயசம், அவளுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவல், கன்னிப்பெண் என்பதால் மஞ்சள் தடவிய புதுப் பாவாடை, அதோடு சந்திரலேகா பீரோவிலிருந்து இதையும் எடுத்து வந்து வறுவலுக்குப் பக்கத்தில் இலைமேலேயே வைத்தாள், வைத்ததுமில்லாமல் மூடியைத் திறந்தும் வைத்தாள், தெறந்து இருந்தாத்தானேங்க அவளுக்குத் தெரியும் என்றாள். சூடம் காட்டிவிட்டுச் செம்புத் தண்ணீரைக் கையில் வார்த்து இலையை மூன்று சுற்றுச் சுற்றிவிட வேண்டும், அப்பாவுக்குச் செய்திருக்கிறார், அம்மாவுக்குச் செய்திருக்கிறார், இலைக்கு வெளியே ஒரு கோடு போல விழும் தண்ணீர், கை பழகிய வேலை... மகளுக்குச் செய்து பழகியதில்லையே. இரண்டாவது சுற்றில் கைத்தண்ணீர் முழுக்கப் பெட்டியின் மேலேயே கவிழ்ந்துவிட்டது. அரிசியில பொதைச்சு வெச்சா இழுத்துக்கும்ங்க என்று சந்திரலேகா அரிசித் தவலையில் அதைப் புதைத்தாள், ராத்திரி முழுக்க அவர் அந்தத் தவலையைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தார். அவளுக்குத் தெரியாது, இதற்குள் அவருடைய கேள்வி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது.

போன வருஷம், காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் சாயந்தரம் அது. முத்தமிழ் தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்துகொண்டு இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், சூடு விட்டிருந்தது, இரண்டு நாள் அனலாகக் கொதித்த உடம்பு, அவர் அவள் காதைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது, விட்டுடுச்சு, காய்ச்சல் விட்டுடுச்சு என்று சமையலறைக்குக் குரல் கொடுத்தார், சந்திரலேகா ரசத்தை இறக்கிவிட்டு ஓடிவந்தாள்... இதை மட்டும் நினைக்கக் கூடாது என்று எத்தனை முறை நினைத்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. இருபத்தாறு வருஷம் கால்நடை ஆய்வாளர், சுரக்குடி மருந்தகத்தில் ஒன்பது வருஷம், கன்று போட்ட மாடு படுத்துவிட்டது என்று ஆள் வந்தால் முதலில் தொடுவது காதைத்தான், காது சில்லிட்டிருந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டார், அங்கேயே கால்சியம் ஏற்றிவிடுவார், சூடான காதைவிடச் சில்லிட்ட காதுக்குத்தான் பயப்பட வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். அந்தக் கைதானே இது? மாட்டின் காதில் தெரிந்தது பெண்ணின் காதில் ஏன் தெரியவில்லை? காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் டெங்கு உள்ளே வேலையைக் காட்டும் என்று அப்புறம் சொன்னார்கள், அப்புறம் எல்லோரும் எல்லாம் சொன்னார்கள். அன்றைக்கு அவர் சொன்னது ஒன்றுதான், கண்ணு கெட்டுடும், அதை வெச்சிட்டுத் தூங்கு பாப்பா. அவள், ஒரு நிமிஷம்ப்பா, அப்பளத்துக்கு ஜுரம், மருந்து குடுத்துட்டு வெச்சிடறேன் என்றாள். அதெல்லாம் நாளைக்குக் குடுக்கலாம் என்று கையிலிருந்து பிடுங்கி மூடி அலமாரியில் வைத்தார். பிடுங்கியதுகூட இல்லை, அவள் விட்டுக்கொடுத்தாள், விரல்களில் பிடி இல்லை, அதையும் அவர் கவனிக்கவில்லை, தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டார். விடிந்தபோது நாளை என்று ஒன்று இல்லை, புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள், காரைக்காலிலிருந்து புதுச்சேரி நம் ஊர்தான் என்று பெயர், நடுவில் இன்னொரு மாநிலமே படுத்துக் கிடக்கிறது, சீர்காழி, சிதம்பரம்... ஆம்புலன்ஸ் கடலூரைத் தாண்டவில்லை.

"அட, மாட்டு டாக்டரு! என்னாங்க, வெளையாட்டுச் சாமான் வாங்க வந்திருக்கீங்க, இந்த வயசுல?" என்றபடி குடையை மடக்கிக்கொண்டு கோவிந்தராசு உள்ளே நுழைந்தார், சுரக்குடிக்காரர், எட்டு ஆடும் இரண்டு கறவையும் வைத்திருப்பவர், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் போட்டார். "தம்பி, இத பாரு, நான் பேசுறது அவனுக்குக் கேக்கலையாம், அவன் பேசுறது எனக்குக் கேக்குது." அஜ்மீர் ஓட்டையில் ஊதிப் பார்த்துவிட்டு, "மைக்கு பூரா மாட்டுத் தீவனம் மாமா, போனுக்குமா தவிடு வெச்சீங்க?" என்றான். கோவிந்தராசு சிரித்துக்கொண்டே திரும்பினார், மேசைமேல் இருந்த வெளிர்நீல மூடியைப் பார்த்தார், அதன் மூலையில் முத்தமிழ் ஒட்டியிருந்த வெள்ளி நட்சத்திரம் பாதி உரிந்திருந்ததைப் பார்த்தார், அப்புறம் சிவராமனின் முகத்தைப் பார்த்தார், சிரிப்பை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "பாப்பாவோடதுங்களா," என்றார். ஆமாம் என்று சிவராமன் தலையசைத்தார். "எங்கிட்டயா இப்புடிப் பேசுறேன்னு ஒரு வார்த்த திட்டிருக்கலாமுல்ல டாக்டரே," என்றார் கோவிந்தராசு, நாளைக்கி வந்து வாங்கிக்கிறேன் தம்பி என்று போனைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டார், குடையை விரித்தாரா இல்லையா தெரியவில்லை. நல்ல மனுஷர். எல்லோரும் நல்ல மனுஷர்கள்தான், ஒரு வருஷமாக ஊரே அவரிடம் குரலைத் தாழ்த்திப் பேசுகிறது, மருந்தகத்துக்கு வருகிறவர்கள் மாட்டைப் பற்றிக்கூட மெதுவாகத்தான் சொல்கிறார்கள், செத்துப்போச்சு என்று சொல்லாமல் தவறிப்போச்சுங்க என்கிறார்கள்.

அஜ்மீர் சூடான காற்றை அடித்தான், பழைய பேட்டரி இட்லி மாதிரி உப்பியிருந்தது, அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டுப் புதிதைப் பொருத்தினான். "சார், ஒண்ணு கேக்கணும். கடைசியா இத ஆஃப் பண்ணி வெச்சீங்களா, இல்ல மூடி வெச்சீங்களா?" மூடினேன் தம்பி. "மூடினா இது தூங்கும் சார், அணையாது. சார்ஜ் இருக்கிற வரைக்கும் எந்த எடத்துல விட்டமோ அந்த எடத்துலயே நிக்கும். மூணு நாள், நாலு நாள். அப்புறம் சார்ஜ் தீந்து போயிடும்." போனால்? "கடைசியா எப்ப சேவ் பண்ணாங்களோ, அங்கேருந்துதான் வரும். அதுக்கப்புறம் வெளையாண்டது எல்லாம் இல்லாத மாதிரிதான்." அப்படியானால் அந்த மூன்று நான்கு நாளும் அது தூங்கிக்கொண்டு இருந்திருக்கிறது, ஆம்புலன்சில் அவர் அவளுடைய பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கூடம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தபோது, பால் தெளித்துவிட்டு வந்து ஈர வேட்டியோடு அவர் அலமாரிக்கு எதிரிலேயே நின்றபோது, ஒரு சாண் தூரத்தில், மூடிக்குள்ளே, அப்பளம் காய்ச்சலோடு மருந்துக்காகக் காத்துக்கொண்டு... மூடியைத் திறந்திருந்தால் போதும், எந்தப் பொத்தான் என்று யாரையாவது கேட்டிருந்தால் போதும். அதற்கப்புறம் சார்ஜ் போட்டுப் பார்க்க ஒரு வருஷமாகத் துணியவில்லை. கொடுத்திருந்தாள் என்று தெரிந்தால் என்ன ஆகப்போகிறது? கொடுக்கவில்லை என்று தெரிந்தால்? எதற்காக இந்தக் கேள்வியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறோம், உயிரில்லாத ஒரு படத்துக்கு உயிரில்லாத ஒரு மருந்து. ஆனால் அவள் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதானே. தண்ணீர் கேட்கவில்லை, அம்மாவைக் கேட்கவில்லை, ஒரு நிமிஷம் கேட்டாள்.

"இன்ஷா அல்லாஹ்," என்று சொல்லி அஜ்மீர் பொத்தானை அழுத்தினான். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினான், இன்னும் சற்று நேரம் அழுத்திப் பிடித்தான், சிவராமன் எழுந்து மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார், ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு வந்தது, அப்புறம் வெளிச்சம், அப்புறம் அந்த இசை, ஐயோ அந்த இசை, நடுக்கூடத்தில் சாயந்தரமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது, சத்தத்தைக் கம்மி பண்ணு பாப்பா என்று எத்தனை தடவை... "வந்திடுச்சு சார்!" என்றான் அஜ்மீர், அவன் முகம் சின்னப் பிள்ளையின் முகமாகிவிட்டது, "நான் இத வெளையாண்டிருக்கேன் சார், எங்க மாமா கொண்டாந்தாரு, எனக்குத் தெரியும்." சிவராமன் மேசைமேல் குனிந்தார். தம்பி, அதுல அப்பளம்னு ஒண்ணு இருக்கும், பெரிய காது, அதுக்கு ஜுரம், மருந்து குடுத்தாச்சான்னு பாத்துச் சொல்லு. அஜ்மீர் ஒரு கணம் அவரை ஏறிட்டுப் பார்த்தான், பெட்டியை அவர் பக்கம் திருப்பி மேசையின் நடுவில் வைத்தான். பச்சைப் புல்வெளி, ஒரு ஓடை, இரட்டைப் பின்னல் போட்ட பொம்மைப் பெண் நின்றுகொண்டிருந்தாள், அவளைச் சுற்றிச் சுற்றி அது ஓடியது, காதுகள் அடித்துக்கொண்டன, ஓடையில் குதித்தது, ஏறி வந்து உடம்பை உதறியது, மறுபடி ஓடியது.

"ஜுரமா? ஒண்ணும் இல்லையே சார். ஜுரம்னா தலைக்கு மேல நீலமா ஒரு சொட்டு நிக்கும், படுத்துக்கும், ஓடாது. இது நல்லாத்தானே இருக்கு." மருந்து கொடுத்ததால் சரியாகிவிட்டதோ என்றார் சிவராமன். அஜ்மீர் எதையோ அழுத்தினான், ஒரு பை திறந்தது, பழங்கள், ஒரு கயிறு, விளக்கு. "பையில மருந்தே இல்ல சார். இன்னும் வாங்கவே இல்ல. இது அதுக்கு முன்னாடி சார்... ஜுரம் வர்றதுக்கு முன்னாடியே சேவ் பண்ணியிருக்காங்க. இந்தா, தேதி போட்டிருக்கு பாருங்க, போன வருஷம், செவ்வாக்கெழமை, காலையில எட்டேகால்." செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை மத்தியானம்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, பள்ளிக்கூடத்திலிருந்து பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் கொடுத்தாளா இல்லையா என்பது... அது இனி எங்கேயும் இல்லை, அந்த நிமிஷம் எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லை, யாரும் எந்த ஸ்பிரிட்டாலும் துடைத்து எடுக்க முடியாது. இங்கே இருப்பது அதற்கு முன்னால், இதற்கு இன்னும் காய்ச்சலே வரவில்லை, வரப்போவது தெரியாமல் தண்ணீரில் குதித்துக்கொண்டிருக்கிறது.

"வெளையாடிப் பாக்கவா சார்? இன்னும் கொஞ்சம் போனா ஆத்தங்கரையில மருந்துக்காரக் கெழவி வருவா, முன்னாடியே வாங்கி வெச்சுக்கலாம்," என்றான் அஜ்மீர், விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. இரு தம்பி, இரு, எதையும் அழுத்தாதே என்றார் சிவராமன். ஒரு காலடி போனால் காய்ச்சல் ஒரு காலடி கிட்டே வரும், அது வருகிற வழி அவருக்குத் தெரியும், போகாமலே இருந்தால் அப்பளம் இப்படியே குதித்துக்கொண்டிருக்குமா, சார்ஜ் தீரும்வரைக்குமா? செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால். அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள், வாசற்படியிலா, ஊஞ்சல் பலகையிலா, சீருடை போட்டுவிட்டாளா, தலை பின்னியாயிற்றா, இட்லியா தோசையா, போயிட்டு வரேன்ப்பா என்று சொன்னாளா... சிவராமன் கண்ணை மூடிப் பார்த்தார். அன்றைக்குக் கோமாரித் தடுப்பூசி முகாம், எண்பத்து நான்கு மாடு, கொம்பு ஒடிந்த ஒரு செவலைப் பசு, மரத்தில் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு வரப்பில் ஓடியது, அதன் இடது கண்ணோரம் வெள்ளையாக ஒரு புள்ளி, ஊசி இறங்கியபோது தோல் துடித்தது, எல்லாம் அப்படியே இருக்கிறது. காய்ச்சலடித்த மூன்று நாளும் நிமிஷம் நிமிஷமாக இருக்கிறது, கேட்டால் எந்த நேரத்தில் எத்தனை டிகிரி என்று சொல்வார். அவள் நன்றாக இருந்த அந்தக் காலை மட்டும்... அவர் வீட்டில்தான் இருந்தார், எட்டரைக்குத்தான் வண்டியை எடுத்தார், அவளைத் தாண்டித்தான் வெளியே போயிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தாரா? மழை வலுத்தது, அஜ்மீர் கையை எடுத்துக்கொண்டான், பெட்டிக்குள் அது ஓடையில் குதித்து, ஏறி வந்து, காதை உதறியது, மறுபடி குதித்தது.