வெறுந்தாள்

அப்பாவின் அலுமாரியைப் பிருந்தன் தலைகீழாக்கிக்கொண்டிருந்தான். பத்து மணிக்கு முன் பட்டு வேட்டியைக் கொண்டுவந்தால்தான் அவர் உடம்புக்குக் கட்டலாம் என்று இறுதிச்சடங்கு நிலையத்தில் சொல்லியிருந்தார்கள்.

சுவரில் மாட்டியிருந்த நாலு படங்களையும் அவன் ஏற்கெனவே போர்வையில் சுற்றி, கார் டிக்கியில் வைத்துவிட்டான். மண்டபத்தில் சவப்பெட்டிக்குப் பின்னால் மாட்டி, அப்பாவின் ரசனையைப் பற்றி நாலு வார்த்தை பேசுவதாக இருந்தான்.

"அதுகளைக் கொண்டுபோகாத, தம்பி," என்றாள் அம்மா புஷ்பவதி. இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது.

"அப்பாக்குப் பிடிச்ச படமெல்லே?"

அவள் இஸ்திரி மேசையில் துணியை விரித்தாள்.

ஏவன்டேல் ஞாயிறு சந்தையில் அவன் அப்பா சோதிலிங்கம் வாங்கியது ஒரு ஜப்பானிய ஓவியச் சுருள். கிடங்கு வேலை இல்லாத நாளில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மேசையில் வைப்பார். இடக்கை அவிழ்க்கும், வலக்கை சுருட்டும். ஒரு முழத்துக்கு மேல் ஒருபோதும் விரிக்கமாட்டார். பிளம் பூவில் குருவி போனால்தான் ஐரிஸ் பூ வரும். சிவந்த மேப்பிள் போனால்தான் பனியும் நாணலும் காட்டு வாத்தும். வாத்தும் போனபிறகு வெறுந்தாள்.

அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்குப் பிருந்தன் அதை ரகசியமாக எடுத்துப்போய், பருவத்துக்கு ஒன்றாக நாலாய் வெட்டிச் சட்டம் போட்டான். எல்லாரும் கைதட்டினார்கள். சோதிலிங்கம் கிட்டப்போய்ப் பார்த்தார்.

"நல்ல கண்ணாடி," என்றார்.

அடுத்த நாளே தன் கதிரையைத் திருப்பிப் போட்டார், படங்கள் மாட்டிய சுவருக்கு முதுகு காட்டி. இரண்டு வருசம் மகனோடு ஓம், வேண்டாம் தவிர வேறு பேச்சில்லை. கிழவனுக்கு நன்றி கெட்ட குணம் என்று பிருந்தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறான்.

வேட்டி அடித்தட்டில் இருந்தது. அதற்குக் கீழே சுருளை வைத்திருந்த பழைய மரப்பெட்டி. திறந்தான். சுருளின் கடைசித் துண்டு, சுருட்டும் கட்டையோடு. படம் ஒன்றும் இல்லையென்று அவன் குப்பையில் போட்டது.

"இது எப்பிடி இங்க?"

"நீ எறிஞ்சதைப் பிறந்தநாள் இரவே மறுசுழற்சித் தொட்டிக்குள்ள தலையை விட்டு எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமையில அதைத்தான் விரிச்சுப் பாக்கிறவர்."

"இதில ஒண்டும் இல்லையே, அம்மா."

"ஓம்."

"ஏன் என்னட்ட ஒருத்தரும் சொல்லேல்லை?"

"வெட்ட முதல் நீ ஆரிட்டையாவது கேட்டனியே?" வேட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கி விரித்து, இஸ்திரியை அழுத்தினாள். "நேரம் போகுது. காரை எடு."

அவன் குசினிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான். துடைத்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தான்.

இடக்கையால் அவிழ்த்தான். வெட்டிய விளிம்பில் கறுப்பாய் ஒரு கீறல், நகத்தளவு. வாத்தின் இறகு நுனி. வலக்கை சுருட்ட, அது உள்ளே போனது. பிறகு தாள். மேலும் தாள். கட்டை தட்டுப்படும்வரை தாள்.

வெளியே டிக்கி, நாலு படங்களோடு திறந்தபடியே கிடந்தது.