மோட்டார் கொட்டகைக்கு வெளியே

பிரகதீஸ்வரி அந்த ஆளின் முகத்தைப் பார்க்கவே இல்லை. இதை அவள் அன்றைக்கே சொன்னாள். யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

தை மாதம், சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஒரத்தநாட்டில் கால்நடை மருந்துக்கடையில் வேலை பார்த்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடலாமென்று பதினோரு மணி வெயிலில் மோட்டார் கொட்டகைக்குப் போனாள். ஸ்டார்ட்டரில் கை வைக்கும்போதே பின்னாலிருந்து ஒரு யூரியா சாக்கு தலையில் இறங்கியது. கத்த வாயைத் திறந்தால் வாயெல்லாம் புழுதி. சிமெண்டுத் தரையில் முகம் மோதி முன்பல் உடைந்தது. அதற்குமேல் நடந்ததைப் போலீஸிடம் ஒரு தடவை, டாக்டரிடம் ஒரு தடவை, கோர்ட்டில் ஒரு தடவை சொன்னாள். பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

சாக்கைப் பிய்த்தெறிந்துவிட்டுத் தட்டுத்தடுமாறி வெளியே வந்தாள். தொட்டியருகே கையில் கேனோடு ஒருவன் நின்றிருந்தான். பூதலூர்ப் பக்கத்திலிருந்து அறுவடை மெஷின் ஓட்ட வந்த வீரையன். "என்னம்மா ஆச்சு?" என்று அவன் கிட்டே வரவும் அவள் அலறினாள். அறுப்பு வயலிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

முதலில் வந்தவன் அவள் அண்ணன் செந்தில்குமார். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தான்.

"இவனா?"

"மூஞ்சியப் பாக்கலண்ணே. சாக்கு..." வாயெல்லாம் ரத்தம். பேச்சு குழறியது.

"இவனத் தவிர இங்க வேற யாரு நிக்கிறா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அதுதான் தீர்ப்பு. செந்தில்குமாரின் முதல் அறையில் வீரையனின் கேன் தெறித்துப்போய் விழுந்தது. "மெஷினுக்குத் தண்ணி புடிக்க வந்தேங்க, ரேடியேட்டர் காயுதுங்க" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் மண்வெட்டிக் காம்பு முதுகில் இறங்கியது. அவன் இடுப்பிலிருந்த ஸ்பேனரையே பிடுங்கி செந்தில்குமார் அவன் வலது முழங்கையில் அடித்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் அவளுக்குக் கேட்டது. கீழே விழுந்தவனை மாறி மாறி மிதித்தார்கள். வாயில் மிதித்தார்கள். ஒருவன் குதிகாலை இடது கண்ணில் வைத்துத் திருகினான். இன்னொருவன் செல்போனில் படம் பிடித்தான். வீரையனின் பைக்கைக் கொளுத்தியபோது, கொட்டகைக்குள் கிடந்த சாக்கையும் யாரோ அந்தத் தீயில் வீசினார்கள்.

பிரகதீஸ்வரி சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் என்ற சொல் தொண்டை வரை வந்தது. அவள் அதை வெளியே விடவில்லை. விழுந்த ஒவ்வொரு அடிக்கும் அவளுக்குள் ஏதோ ஒன்று ஆறிக்கொண்டு வந்தது. பிற்பாடு அவளைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

அம்மா ராஜாத்தி அவளைக் குளிப்பாட்டி, உடுத்தியிருந்ததையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போனாள். புகாரில் வீரையன் பெயரை எழுதச் சொன்னவன் அண்ணன். அவள் கையெழுத்துப் போட்டாள். சாயங்காலத்துக்குள் வீடியோ ஊர் ஊராகப் போய்விட்டது. அண்ணன்னா இப்படி இருக்கணும் என்று யார் யாரோ எழுதினார்கள். பூதலூர்ப் பக்கத்தில் வீரையன் வீட்டுக் கதவைப் பெயர்த்தார்கள். அவன் மனைவி ஜெயா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு ஓடினாள். வீரையனின் இடது கண் போயிற்று. வலது கை மடங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஜெயிலுக்குப் போனான். நாலு மாதம் கழித்துத்தான் ஜாமீன் கிடைத்தது.

மூன்று வருஷம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. வீரையனை அடித்த வழக்கு தனியாக இருந்ததால் செந்தில்குமாரால் திரும்பச் சிங்கப்பூர் போக முடியவில்லை. "அவன்தான்னு சொல்லிடு. என் கேஸும் லேசாயிடும்" என்றான்.

கூண்டில் நின்றவளிடம் வக்கீல் கேட்டார். "அந்த ஆள்கிட்ட டீசல் வாடை அடிச்சுதுன்னு உங்க புகார்ல எழுதியிருக்கு. அதை வச்சு இவர்தான்னு சொல்றீங்களா?"

"அறுப்பு நேரத்துல எங்க ஊர்ல எல்லார் மேலயும் டீசல் வாடைதாங்க. நான் முகத்தப் பாக்கல."

வீரையன் விடுதலையானான். "அப்ப ஒண்ணுமே நடக்கல போல" என்று அதே ஊர் சொன்னது. முன்பு அவளுக்காக அழுதவர்களே சொன்னார்கள்.

அன்றைக்கு வீட்டு வாசலில் அண்ணன் அவள் முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். விலாவில் உதைத்தான், தோளில் மிதித்தான். காறை எலும்பு முறிந்தது. ராஜாத்தி ஓடி வந்தாள். மகனைப் பிடித்து இழுக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் பார்க்கக்கூடாதென்று கேட்டைச் சாத்தினாள்.

கையைத் துணியால் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு பிரகதீஸ்வரி கும்பகோணம் போய்ச் சேர்ந்தாள். ஹலீமா என்ற கூடப் படித்த தோழி அவளுக்கு ஒரு மருந்துக்கடையில் வேலை வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் வீரையனை அடித்த வழக்கில் சாட்சி சொல்ல அவளுக்குச் சம்மன் வந்தது. தஞ்சாவூர் கோர்ட் வராந்தாவில் அவன் உட்கார்ந்திருந்தான். அவள் போய் எதிரே நின்றாள்.

"உங்க பேர நானாச் சொல்லலைங்க."

"சொல்லல." அவன் நிமிர்ந்து பார்த்தான். "நிறுத்துங்கன்னும் சொல்லலியே."

"இல்லீங்க. சொல்லல."

அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். அவள் நகரவில்லை. "அன்னிக்கி யாராவது கொட்டகையிலேர்ந்து ஓடுனதப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

அவன் மறுபடி அவளைப் பார்த்தான். "இத்தனை வருஷத்துல இத யாரும் என்கிட்ட கேக்கல. பின்னால வாழைக்கொல்லைக்குள்ள ஒரு ஆளு போனான். முதுகுதான் தெரிஞ்சிச்சு. அதச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். மிதிச்சுட்டாங்க."

நம்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனும் நம்பச் சொல்லவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் கூண்டேறினாள். யார் காம்பால் அடித்தது, யார் கண்ணில் மிதித்தது, எல்லாவற்றையும் ஆள் பெயரோடு சொன்னாள். ஸ்பேனர் யார் கையில் இருந்தது என்று கேட்டார்கள்.

"எங்கண்ணன் கையிலங்க."

செந்தில்குமாருக்கும் இன்னும் நாலு பேருக்கும் ஜெயில் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு வந்த அன்று ராஜாத்தி போன் செய்தாள். "நான் செத்தாலும் வந்துடாத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வாழைக்கொல்லைக்குள் போனவனை யாரும் தேடவில்லை. ஊரில்தான் இருக்கிறானோ, வேறெங்காவது போய்விட்டானோ, அப்படி ஒருவன் இருந்தானோ இல்லையோ. பிரகதீஸ்வரி பிறகு அந்த ஊருக்குப் போகவில்லை.