மூன்றில் ஒரு பங்கு மாயழகு

மாயழகு செத்துப் பதினோராம் மாதம், சாட்சி சொல்ல வரும்படி அவர் பேருக்கே சம்மன் வந்தது. ஆள் வீட்டில் இல்லாததால் மனைவி வேலுத்தாயி கையெழுத்துப் போட்டு வாங்கி, படத்து மாலையில் செருகி வைத்தாள்.

விஷயம் இதுதான். பைபாஸில் சைக்கிளில் போன மாயழகுவை லாரி அடித்துவிட்டது. நஷ்டஈட்டு ஆபீஸில் தொகை போட்டார்கள். உயிரோடு இருந்திருந்தால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனக்கே செலவழித்திருப்பார் என்று சொல்லி அதைக் கழித்தும்விட்டார்கள்.

"எம்புருசன் தனக்குன்னு பத்து பைசா செலவழிக்க மாட்டாரு. பதினாறு வருசமா ரெண்டே பனியன்" என்று வேலுத்தாயி மனுக் கொடுத்தாள். அந்தப் பங்கும் வந்தால் மகளுக்கு நர்ஸிங் காலேஜ் பீஸ் கட்டிவிடலாம். சரி, அவரையே கேட்டுவிடுவோம் என்று ஆபீஸ் முடிவு செய்தது. நியாயம்தானே?

குறித்த தேதியில் மாயழகு தலைசீவி பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். வழக்கில் இருந்த பங்கு மட்டும் வந்திருந்தது. மீசை, கைக்கடிகாரம் எல்லாம் அதனதன் இடத்தில்தான். உயரம் மட்டும் அவள் முழங்காலுக்குச் சற்று மேலே.

"இளைச்சிட்டீங்க" என்றாள்.

"போன எடத்துல சாப்பாடு சரியில்ல."

கண்டக்டர் அவரைப் பஸ்ஸில் போட்டிருந்த உயரக் கோட்டருகே நிறுத்திப் பார்த்தார். கோடு எங்கேயோ மேலே இருந்தது. "இவருக்கு டிக்கெட் வேணாம்மா. மடியில வச்சுக்க."

ஆபீஸ் வராண்டா நடக்க நடக்க நீண்டது. முன்னால் ஒரு கொத்தனார் கட்டிக்கொண்டே போனார். "மெதுவா வாங்க, பூச்சு காயல" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் கரண்டியைக் கீழே வைத்ததும் ஆபீஸர் அறை வந்துவிட்டது.

"உயிரோட இருக்கீங்களா?" என்று ஆபீஸர் கேட்டார்.

"இல்லீங்க."

"நல்லது. உக்காருங்க."

வேலுத்தாயி அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள்.

"உங்களுக்குன்னு என்ன செலவு பண்ணுவீங்க?"

மாயழகு மனைவியைப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க."

சொன்னதும் ஒரு சாண் குறைந்தார்.

"பாத்தீங்களாம்மா? செலவே இல்லைன்னா அந்தப் பங்கே இல்ல" என்றார் ஆபீஸர், நல்ல சேதி சொல்வதுபோல. "முழுத் தொகையும் உங்களுக்குத்தான். இவரு இருக்க மாட்டாரு. பீடி உண்டா?"

"தொட்டதில்லீங்க." இதற்குக் குறையவில்லை. அது உண்மை.

"வேற?"

"இல்லவே இல்லீங்க." இப்போது தண்ணீர்ச் செம்பு உயரம்தான் இருந்தார்.

வேலுத்தாயிக்குக் காலேஜ் பீஸும் தெரிந்தது, செம்பு உயரப் புருஷனும் தெரிந்தார். "ஏங்க, உண்மையச் சொல்லித் தொலைங்க!"

"புள்ள படிக்கட்டும்டி."

"அத நான் பாத்துக்கிறேன். சொல்லுங்க."

மாயழகு தொண்டையைச் செருமினார். "சனிக்கிழம சம்பளம் வாங்குனா, பஸ் ஸ்டாண்டுல ஒரு பாதாம் பால். ஒத்தையில நின்னு குடிப்பேன்."

"பதினாறு வருசமாவா?" என்றாள் வேலுத்தாயி.

"பிஸ்தா போட்டு."

ஆபீஸர் 'பிஸ்தா' என்று எழுதி அடிக்கோடிட்டார். வாரம் ஒரு பாதாம் பால் எப்படி மூன்றில் ஒரு பங்காகும் என்று யாரும் கேட்கவில்லை. தொகையில் அந்தப் பங்கைக் கழித்தது கழித்ததுதான். மாயழகு விறுவிறுவென்று முழங்காலைத் தாண்டினார்.

பஸ் ஸ்டாண்டு வரை வேலுத்தாயி அவர் முகத்தைப் பார்க்காமலே நடந்தாள். இடுப்பில் மட்டும் வைத்துக்கொண்டாள்.

"வாங்கண்ணே, ரொம்ப நாளா ஆளையே காணோம்" என்றார் பாதாம் பால் கடைக்காரர்.

"லாரி அடிச்சிருச்சு."

"அப்படியா. பிஸ்தா போடவா?"

"ரெண்டு குடுங்க" என்றாள் வேலுத்தாயி. இரண்டு வாய் குடித்தாள். பதினாறு வருஷத்துக்கும் சேர்த்து அவரை முறைத்தாள். பிறகு மிச்சத்தை அவர் கிளாஸில் ஊற்றினாள். குடிக்கக் குடிக்க அவர் அவள் இடுப்பிலிருந்து நழுவி, தரையில் கால் ஊன்றி, மேலே வந்தார்.

"போதும், நிறுத்து" என்றார். "இதுக்கு மேல வளந்தா பஸ்ஸுல டிக்கெட் எடுக்கணும்."

"எடுத்துக்கலாம்" என்ற வேலுத்தாயி, இன்னொரு பாதாம் பால் சொன்னாள்.