போணிக்கு விற்ற டைமர்

ஆன்றோ ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவன். ராகு காலம் பார்க்க மாட்டான். கடை வாசலில் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்ன பக்கத்துக் கடைக்காரரைச் சிரித்தே அனுப்பி வைத்தவன். ஆனால் போணி என்று வந்துவிட்டால் அவனை எந்தச் சாமியாரும் திருத்த முடியாது. காலையில் ஷட்டர் ஏறியதும் முதலில் வருகிற ஆள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. திரும்பினால் அன்றைக்கு முழுக்க வியாபாரம் படுத்துவிடும். தூத்துக்குடியிலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் இந்த எலெக்ட்ரிகல் கடையைப் போட்ட குடும்பம் அது. கடையோடு சேர்ந்து இந்தப் பயமும் அவனுக்கு வந்து சேர்ந்திருந்தது. இது எந்த வேதத்தில் இருக்கிறது என்று அவன் மனைவி மகிமா கேட்பாள். ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வான், முதல் ஆளுக்காகக் காத்திருப்பான்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் ஷட்டர் பாதி ஏறும்போதே வந்து நின்றவள் தஸ்னீம். கொடுங்கையூரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிகளில் ஒன்றில், மாமியார் வீட்டில் இருப்பவள். ஒயரும் ஹோல்டரும் வாங்க இரண்டொரு முறை வந்திருக்கிறாள். தெரிந்த முகம்தான்.

"அண்ணே, வெளக்குக்கு ஒரு டைமர் வேணும். கரண்ட் போய்ப் போய் வந்தாலும் நேரம் மாறக் கூடாது, உள்ள பேட்டரி இருக்கணும். எல்லாமே எல்இடி பட்டை, மொத்தமும் ஒண்ணா எரியும், அத்த தாங்கணும். முக்கியமா, ஆஃப் ஆவுற நேரத்துல ஆஃப் ஆயே தீரணும்."

"அல்லாரும் ஆன் ஆவணும்னு கேப்பாங்க. நீ இன்னாமா ஆஃப் ஆவணும்ன்ற?"

"சாமந்திண்ணே. தொட்டில வெச்சிகீறேன், வூட்டுக்குள்ளயே. குப்பமேட்டுப் பொகைக்கு ஜன்னல் தொறக்க முடியாதுல்ல, அதான் ரூம்ல வெளக்குப் போட்டு வளக்கறேன். இவ்ளோ நாளு வெளிச்சம் நெறைய குடுத்து வளத்தாச்சி. இனிமே ராத்திரி நீளமா இருக்கணும். நீளமா இருட்டு பாத்தாதான் அது மொட்டு வெக்கும். நடுவுல வெளக்கு எரிஞ்சிச்சின்னா எல பச்சையா வந்துகினே இருக்குமே தவிர, பூவே வராது."

அவள் அதைச் சொன்ன விதத்தில் ஒரு ஆசை இருந்தது. ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் ஜனவரியில் நடக்கும் ஒரு நிக்காவுக்கு வாசல் முழுக்க வைக்கத் தொட்டிகள் கேட்டிருந்தார். அவளுடைய முதல் ஆர்டர் அது. அதைவிடப் பெரிய விஷயம், அந்த அறை. அவள் மாமியார் அஜீசுன்னிசா ஒரே ஒரு பருவத்துக்குத்தான் அறையை விட்டிருந்தாள். "பூத்துச்சின்னா ரூமு உனக்கு, இல்லன்னா சின்ன மவனுக்கு கட்டிலு உள்ள வரும்னு மாமி சொல்லிட்டாங்க" என்று தஸ்னீம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் அவள் கண்ணில் சிரிப்பு இல்லை.

அவள் கேட்டதற்குச் சரியான பதில் ஆன்றோவுக்குத் தெரியும். பிளக்கில் செருகும் குட்டி டைமர் இதற்கு ஆகாது. பெட்டிக்குள் மாட்டுகிற பேட்டரி டைமரும், அதோடு கான்டாக்டர் என்கிற கனத்த சுவிட்சு ஒன்றும் வேண்டும். டைமர் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும், சுமையைக் கான்டாக்டர் தாங்கிக்கொள்ளும். எல்இடி பட்டைகள் எரியும்போது சாதுதான். போட்ட அந்த நொடியில் எல்லாம் சேர்ந்து ஒரே இழுப்பாக இழுக்கும். அந்த இழுப்பில் குட்டி டைமரின் உள்ளே இருக்கும் சுவிட்ச் முனைகள் ஒட்டிக்கொண்டால், அப்புறம் அணையவே அணையாது. இதையெல்லாம் அவனே எத்தனையோ பேருக்கு நின்று நிதானமாகச் சொல்லியிருக்கிறான். தெருவில் அவனுக்கு அந்தப் பெயரும் உண்டு.

அந்த நல்ல டைமர் கடையில் இல்லை. இரண்டு நாளில் சரக்கு வந்துவிடும். "நாளன்னிக்கி வாம்மா" என்று சொல்ல வேண்டியதுதான். சொல்ல வாயெடுத்தான். கடையில் வேறு ஈ காக்கை இல்லை. இவள் திரும்பினால் போணி போயிற்று.

அலமாரியில் ஒரே ஒரு குட்டி டைமர் கிடந்தது. திருவொற்றியூரில் மெஸ் வைத்திருப்பவர் தன் பெயர்ப் பலகைக்கு வாங்கிப் போய், சில நாள் அணைய மாட்டேன் என்கிறது என்று திருப்பிக் கொடுத்தது. ஆன்றோ ஒரு ஜீரோ வாட் பல்பைப் போட்டுப் பார்த்தான், அணைந்தது. சரியாகத்தான் இருக்கிறது, அந்த ஆளுக்குத்தான் வைக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டி, அட்டைப் பெட்டியை ஒட்டி மறுபடி அலமாரியில் வைத்துவிட்டான். அந்தப் பெட்டியைத்தான் இப்போது எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"இத்த எடுத்துனு போ. பேட்டரி கீது. எங்க வூட்டு மீன் தொட்டிக்கே இதான் போட்டுகீறேன்."

அவன் வீட்டில் மீன் தொட்டி கிடையாது. மகிமாவுக்குக் குழம்பில் கிடக்கும் மீனைத் தவிர வேறு மீனே ஆகாது. வாய் கூசாமல் வந்தது அந்தப் பொய்.

"ஆஃப் ஆவும்ல அண்ணே?"

"ஆவும்மா. டக்குனு சத்தமே கேக்கும். என்னிய நம்பி எடுத்துனு போ."

அவள் நம்பி எடுத்துக்கொண்டு போனாள். அவன் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அன்றைக்கு வியாபாரம் சக்கைப்போடு போட்டது. அதைத்தான் பின்னால் அவன் நினைத்து நினைத்து நொந்துகொண்டான்.

கிறிஸ்துமஸ் முடிந்து கடையில் ஸ்டார்கள் தள்ளுபடிக்கு வந்திருந்த சமயம். காலை வேளை, கவுன்ட்டர் முன்னால் கூட்டம். ஆன்றோவிடம் மாதாமாதம் பெரிய அளவில் சாமான் எடுக்கும் வயரிங் கான்ட்ராக்டர் பக்தவச்சலம் முன்னால் நின்றிருந்தார். கூட்டத்துக்குப் பின்னால் தஸ்னீம் துணிப்பையோடு தன் முறைக்காக நின்றாள். ஆன்றோ அவளைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்துகொண்டான். அவள் கோபமாக இருந்தாலாவது தேவலை. அவள் பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி நின்றாள்.

பையிலிருந்து டைமரையும், ஒரு சாமந்திக் கிளையையும் எடுத்து வைத்தாள். கிளை கொழுகொழுவென்று பச்சையாக இருந்தது. நுனியில் மொட்டு இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் நாலு இலை.

"அண்ணே, ஒரு தொட்டிலயும் மொட்டு வெக்கல. நான் எதுனா தப்பா வெச்சிட்டேனா, கொஞ்சம் பாருங்க. ராத்திரி கதவ தொறந்தா வெளிச்சம் பூந்துடும்னு நான் தொறக்கறதே இல்ல. கதவிடுக்குல துணி வெச்சி அடச்சிடுவேன். சாயங்காலம் வெளியே நின்னு, டக்குனு சத்தம் வருதான்னு கேப்பேன். தெனமும் வந்திச்சி. அப்பறந்தான் படுப்பேன்."

ஆன்றோ டைமரை டெஸ்ட் போர்டில் செருகினான். ஒரு பல்பை மாட்டி, நேரத்தை அணைகிற இடத்துக்குத் தள்ளினான். டைமரின் சின்னத் திரையில் ஆஃப் என்று எழுத்து வந்தது. உள்ளே மெல்ல டக் என்றது. பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் சாத்திய கதவுக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்திருக்கிறாள். உள்ளே விளக்குகள் விடிய விடிய எரிந்திருக்கின்றன. ஆன்றோவின் காது சூடாகிவிட்டது. யார் கண்ணிலும் படுவதற்குள் பிளக்கைப் பிடுங்கினான். உண்மையைச் சொல்ல அந்த ஒரு கணம் போதும். ஆனால் பக்தவச்சலம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆன்றோ, பீஸு போச்சா?"

"பீஸுக்கு ஒண்ணியும் இல்ல சார்." அவன் தஸ்னீமின் பக்கம் திரும்பினான், முகத்தைப் பார்க்காமல். "இதுல ஆன்னு, ஆட்டோன்னு ரெண்டு கீதுமா. நீ ஆட்டோல வெக்காம ஆன்லயே வுட்டுகீற. அப்பறம் எப்டி ஆஃப் ஆவும்?"

"இதெல்லாம் கேட்டுகினு போய் செய்யணும்மா" என்றார் பக்தவச்சலம், பெரிய மனுஷத்தனமாக. யாரோ சிரித்தார்கள்.

தஸ்னீமின் முகம் செத்துவிட்டது. "நான் ஆட்டோலதான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது அவளுக்கு. "இல்லண்ணே, நாந்தான் கவனிக்கல போல. வூட்ல உங்க பீஸு மேலதான் கொற சொன்னேன். தப்பா நெனச்சிட்டேன், மன்னிச்சிக்கோங்க."

அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். டைமரைக் கூட அங்கேயே விட்டுவிட்டாள். ஆன்றோ அதை மேசைக்கு அடியில் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, பக்தவச்சலத்துக்குச் சுவிட்ச் எண்ணினான். எண்ணிக்கை இரண்டு முறை தவறிப்போயிற்று.

அவமானம் என்றால் யாராவது காறித் துப்பினால்தான் வரும் என்று அதுவரை நினைத்திருந்தான். ஒருத்தி மன்னிப்புக் கேட்டாலும் வரும் என்று இப்போது தெரிந்தது. கடையில் யாராவது "உன்ன நம்பித்தான் ஆன்றோ வாங்கறேன்" என்று சொன்னால் உடம்பு கூசியது. நல்ல டைமரும் கான்டாக்டரும் எடுத்துத் தனியாக வைத்தான். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்றான். மறுநாள் லோடு வந்தது, அதற்கப்புறம் பொங்கல் கூட்டம். உண்மையில் லோடும் இல்லை, கூட்டமும் இல்லை, பயம்தான். கோழைக்கு நாளுக்கொரு வேலை வந்துவிடும். பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல், சாமானைப் பையில் போட்டு வண்டியை எடுத்தான்.

கொடுங்கையூரில் தஸ்னீம் இருக்கும் மாடியில் வீட்டு எண் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. நடை வழி முழுக்கச் சாமந்தித் தொட்டிகள், சுவரோரமாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து. புகை படிந்து பச்சை மங்கியிருந்தது. ஒன்றில்கூடப் பூ இல்லை.

கதவைத் திறந்தவள் அஜீசுன்னிசா. யார் என்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது, அதுவே அவனுக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

"நீதானா நைனா கடக்காரரு? உள்ள வா. இந்தப் பொண்ணு மொதல்ல உம்மேலதான் பழி போட்டா. நாந்தான் திட்டினேன், அவரு பேரு எடுத்த மனுசன், நீ வெச்ச லட்சணம் அப்டின்னு."

தஸ்னீம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆன்றோ உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வேறொருவர் திருப்பிக் கொடுத்த பீஸ் அது, இதற்கு ஆகாது என்றும் இரண்டு நாளில் நல்லது வந்துவிடும் என்றும் தெரிந்தே தந்தேன், மீன் தொட்டி என்று சொன்னது பொய், கடையில் அத்தனை பேர் முன்னால் பழியை அவள்மேல் போட்டதும் பொய், அவள் எல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அஜீசுன்னிசா சேலைத் தலைப்பை இழுத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மருமகளைப் பார்த்தாள்.

"இத்த அன்னிக்கே வந்து சொல்லியிருக்கக் கூடாதாப்பா?" என்றாள். "போன வாரம்தான் சின்னவன் ஜீஷான வரச் சொன்னேன். பொண்டாட்டியோட வந்து எறங்கிட்டான். வாடக வூட்டக் காலி பண்ணிட்டு வந்தவன இனிமே எங்க போவச் சொல்வேன்?"

சாத்தியிருந்த அறைக் கதவுக்குப் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் இப்போது துணி இல்லை.

ஆன்றோ பையை நீட்டினான். "நல்ல டைமரு. கான்டாக்டரும் கீது. நானே வந்து மாட்டிக் குடுக்கறேன்மா."

"வெளக்கையே கழட்டி வித்தாச்சிண்ணே" என்றாள் தஸ்னீம். பையை அவள் தொடவில்லை.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படி வரை வந்துவிட்டான். அவள் பின்னாலேயே வந்தாள். திட்டத்தான் வருகிறாள், திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்று நின்றான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ரெண்டு நாள்ல நல்லது வந்துடும்னு தெரியுமே உங்களுக்கு. அப்பறம் ஏன் அத்த குடுத்தீங்க?"

சொல்லவே வெட்கமாக இருந்தது. சொன்னான். "நீதாம்மா அன்னிக்கி போணி."

தஸ்னீம் அவனைப் பார்த்தாள். அவள் கண் அப்போதுதான் கலங்கியது.

"என்னப் பெத்த அத்தாவும் வண்ணாரப்பேட்டைல கட வெச்சிருந்தவருதாண்ணே. எனக்குத் தெரியாதா போணின்னா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரு டேப்பு ரோலு வாங்கினு போயிருப்பேனே."