இன்ஸ்பெக்டர் மென்ற சிறுகுறிஞ்சான்

ஆவடி குவார்ட்டர்ஸில் கோவிந்தராஜ் எதையும் சோதிக்காமல் வீட்டுக்குள் விடமாட்டார். தொழிற்சாலையில் இருபது வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்த புத்தி. எண்பத்தெட்டாம் வருஷம் அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. ஜவ்வாது மலையிலிருந்து சிறுகுறிஞ்சான் இலை வரவழைத்தார். காலையில் இலையை மென்றுவிட்டு ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போடுவார். இனிக்காமல் மணலாக நெருடினால் இலை அசல். மூன்று மாதமும் இலை தேறியது. ரத்தத்தில் சர்க்கரை மட்டும் ஏறியது.

டாக்டர் குழம்பினார். சர்க்கரை டப்பாவைப் பார்த்த மனைவி வசந்தகுமாரி குழம்பவில்லை.

"நாளைலேர்ந்து நான் மென்னு பாக்குறேன்" என்றாள்.

மறுநாள் மென்றாள், சர்க்கரையைப் போட்டுப் பார்த்தாள். "அசல்தான்" என்றாள். பிறகு, ஆசையாகக் குடிக்கும் காலைக் காபியைக் கசாயம்போல விழுங்கினாள்.

அதைப் பார்த்த கோவிந்தராஜ் அடுத்த நாள் இலையை மட்டும் மென்றார். அவர் சோதிக்காமல் பாஸ் பண்ணிய முதல் சரக்கு அதுதான்.